கியோஸ்க் திறந்தவர்களும் திரும்பிப் போய்ப் பார்த்தவர்களும்

கேள்வி: கணினி அறிவியலில் முதுகலை முடித்திருக்கிறேன். வளரும் நாடுகளில் தகவல் தொழில்நுட்பம் என்ன செய்கிறது என்பதில் முனைவர் பட்டம் செய்ய ஆசை. என் பேராசிரியரோ, "அது ஆய்வே இல்லை, தொண்டு நிறுவன வேலை" என்கிறார். இப்படி ஒரு துறை உண்மையில் இருக்கிறதா? இதுவரை என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள்? புரோகிராமிங் தெரிந்தால் மட்டும் போதுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: துறை இருக்கிறது, நேற்று முளைத்ததும் இல்லை. வளரும் நாடுகளில் கணினியின் நிலை பற்றி 1988-இலேயே டெல்லியில் ஒரு பன்னாட்டு மாநாடு நடந்தது. அதையொட்டி உருவான பணிக்குழு இன்றும் கூடுகிறது. 2006-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் கணினிக்காரர்கள், பொருளாதாரக்காரர்கள், மானுடவியல்காரர்கள் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து இன்னொரு மாநாடு தொடங்கினார்கள். அடுத்த வருடமே அது பெங்களூருக்கு வந்தது. அப்புறம் தோஹா, லண்டன், கேப்டவுன், லாகூர், அகமதாபாத் என்று ஊர் ஊராகச் சுற்றியது. மான்செஸ்டர், ஆஸ்லோ, வாஷிங்டன் பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் பெங்களூர் ஐ.ஐ.ஐ.டி., டெல்லி ஐ.ஐ.டி., கொழும்பில் லேர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனம். ஆக, முகவரி இல்லாத துறை அல்ல.

உங்கள் பேராசிரியர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் வந்த கட்டுரைகளில் நிறைய ஒரே அச்சில் வார்த்தவை: ஊருக்குப் போனோம், ஒரு கருவி செய்து கொடுத்தோம், மக்கள் "நல்லா இருக்கு" என்றார்கள், திரும்பி வந்தோம். இந்த "நல்லா இருக்கு" எத்தனை காசு பெறும் என்று எனக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு கிராமக் கணினி மையத் திட்டத்தில் (பெயர் வேண்டாம்) நானும் கேள்வித்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனவன். ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து புளி கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார். மையம் நன்றாக இருக்கிறதா? "நல்லா இருக்கு சாமி." அடிக்கடி போவீர்களா? "போவேன் சாமி." என்ன பார்ப்பீர்கள்? "எல்லாம் பார்ப்பேன்." இருபத்திரண்டு கேள்வியும் முடிந்து நான் எழுந்தபோது அவர் கேட்டார்: "அப்ப முதியோர் பணம் அடுத்த மாசத்துலேருந்து வந்துருமா?" என்னைத் தாலுகா ஆபீஸ் ஆள் என்று நினைத்திருக்கிறார். மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. அந்தத் தாளையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டார்கள். அறிக்கையில் "பயனாளிகள் திருப்தி" என்று தசம புள்ளியோடு ஒரு சதவீதம் அச்சானது.

இது என் ஒருவனின் அனுபவம் என்று தள்ள முடியாதபடி 2012-இல் இதையே அளந்து காட்டினார்கள். நிக்கோலா டெல், இந்திராணி மேத்தி, வில்லியம் தீஸ் முதலியோர் பெங்களூரில் 450 பேரிடம், கல்லூரி மாணவர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் உட்பட, ஒரே பொருளை இரண்டு தடவை காட்டி, "இதில் ஒன்று நான் செய்தது. எது பிடிக்கிறது?" என்று கேட்டார்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். ஆனாலும் கேட்பவர் செய்ததாகச் சொன்னதையே ஏறக்குறைய இரண்டரை மடங்கு பேர் தேர்ந்தெடுத்தார்கள். கேட்பவர் வெளிநாட்டுக்காரராக இருந்து, கூடவே மொழிபெயர்க்க ஒருவர் நின்றால் ஐந்து மடங்கு. வீடு தேடி வந்தவரிடம் குறை சொல்லக்கூடாது என்ற நம் ஊர்ப் பண்பு புள்ளிவிவரத்துக்குள் புகுந்தால் இப்படித்தான் ஆகும். இந்தக் கட்டுரைக்கு முன்னால் வந்த எத்தனை "திருப்தி" அட்டவணைகளைக் கிழித்துப் போட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இதைக் கண்டுபிடித்ததும் இதே துறைதான் என்பதை உங்கள் பேராசிரியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வியில் போடும் சொல்லே காலை வாரிவிடுவதும் உண்டு. லேர்ன்ஏசியா ஆட்கள் இந்தோனேசியாவில் பேசியபோது, இன்டர்நெட் பயன்படுத்துவதில்லை என்றவர்கள் அடுத்த மூச்சில் ஃபேஸ்புக்கில் என்ன செய்கிறோம் என்று விரிவாகச் சொன்னார்களாம்.

சரி, நியாயத்தின் மறுபாதிக்கு வருகிறேன். இந்தத் துறையின் கண்டுபிடிப்பு ஒன்றைச் சொல் என்று யாரைக் கேட்டாலும் கேரளத்து மத்தி மீன் கதையைத்தான் சொல்வார்கள். 1997 ஜனவரி 14 அன்று காலை, வடகரா கடற்கரையில் 11 படகுக்காரர்கள் பிடித்துவந்த மீனை வாங்க ஆளில்லாமல் கொட்டும் நிலையில் இருந்தார்கள். அதே காலை, 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்ப இருந்தார்கள். இவருக்கு அவர் இருப்பது தெரியாது, அவருக்கு இவர் இருப்பது தெரியாது. மத்தியோ அடுத்த நாள் வரை காத்திருக்கும் சரக்கு அல்ல.

ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் 15 கரைச் சந்தைகளில் 1996 முதல் 2001 வரை வாரந்தோறும் விலை எடுத்து வைத்திருந்தார். அதிர்ஷ்டம் என்னவென்றால், செல்போன் கோபுரங்கள் அந்தக் கரை முழுக்க ஒரே நாளில் வரவில்லை. கோழிக்கோட்டுக்கு 1997-இல், கண்ணூருக்கு 1998-இல், காசர்கோட்டுக்கு 2000-இல் என்று தெற்கிலிருந்து வடக்கே ஏறி வந்தன. கோபுரம் கரையோரம் நின்றதால் கடலுக்குள் 20, 25 கிலோமீட்டர் வரை சிக்னல் கிடைத்தது. படகிலிருந்தே போன் போட்டு எந்தக் கரையில் விலை அதிகம் என்று கேட்டு அங்கே படகைத் திருப்பலாம். போன் வந்த பகுதியையும் வராத பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாற்றம் போனால் வந்ததா, வேறு எதனால் வந்ததா என்று பிரித்துவிடலாம். ஆய்வாளனுக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் சந்தர்ப்பம் இது.

2007-இல் வந்த முடிவுகள் பொட்டில் அடித்தாற்போல இருந்தன. கரைக்குக் கரை விலை 60, 70 சதவீத அளவுக்கு மாறிக்கொண்டிருந்தது 15 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் வரை வீணாகிக்கொண்டிருந்தது அடியோடு நின்றது. மீனவர் லாபம் 8 சதவீதம் ஏறியது, அதே நேரத்தில் வாங்குபவர் கொடுக்கும் விலை 4 சதவீதம் இறங்கியது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே நேரத்தில் நல்லது, நடுவில் அரசாங்கத்துக்கு ஒரு பைசா செலவில்லை. செல்போன் கம்பெனிகளும் வளர்ச்சி நிறுவனங்களும் இந்தக் கதையை எவ்வளவு ஆசையாக ஏந்திக்கொண்டன என்று சொல்லவே வேண்டாம். பல வருடம் மத்தி மீன் இல்லாமல் ஒரு பவர்பாயின்ட் கூட நகரவில்லை.

இந்தக் கதையை நம்பி, மீனுக்கு வேலை செய்தது நெல்லுக்கும் வெங்காயத்துக்கும் செய்யும் என்று பலர் கிளம்பினார்கள். மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில் 933 விவசாயிகளை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பகுதி ஆட்களுக்குச் சந்தை விலையும் வானிலையும் எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பும் சேவையை ஒரு வருடம் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள் மார்செல் ஃபாஷாம், பார்ட் மின்டன் என்ற இருவர். 2012-இல் முடிவு வந்தது: விவசாயிக்குக் கிடைத்த விலையில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் எதுவும் இல்லை. ஏன் என்பதற்கு என் கணிப்பைச் சொல்கிறேன். படகைத் திருப்புவது எளிது, டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிய மூட்டையை இன்னொரு சந்தைக்குத் திருப்புவது அவ்வளவு எளிதில்லை. போதாததற்கு, விதைப்புக்குக் கடன் கொடுத்த மண்டிக்காரர் ஒருவர் இருக்கிறார். பக்கத்து ஊர் விலை தெரிந்து என்ன செய்ய?

கடன் என்ற இந்தச் சொல்தான் கதையை மறுபடியும் கேரளத்துக்கே கொண்டுபோகிறது. ஜானகி சீனிவாசனும் ஜென்னா பரெலும் மறுபடி கேரளக் கரைகளுக்குப் போய் மீனவர்களோடும் ஏலம் விடுபவர்களோடும் பேசி, 2013 கேப்டவுன் மாநாட்டில் ஒரு கட்டுரை வாசித்தார்கள். ஜென்சன் தவறு என்று அவர்கள் சொல்லவில்லை. "மீனவர்" என்று ஒரே ஆளாகச் சொல்கிறீர்களே, எந்த மீனவர் என்று கேட்டார்கள். பெரிய வலையும் பெரிய எஞ்சினும் உள்ள படகு கரை கரையாகப் போய் விலை பார்க்கலாம். சின்ன படகுக்கு டீசல் கட்டாது. ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கி வலை எடுத்தவர், எந்தக் கரையில் என்ன விலை என்று தெரிந்தாலும் அந்த ஏலக்காரர் நிற்கும் கரைக்குத்தான் வந்தாக வேண்டும். இதை நம் கடற்கரையில் யாரிடம் சொன்னாலும் "இதுக்கு ஆராய்ச்சி வேறயா" என்பார்கள். ஆனால் அதுவரை உலகம் முழுக்க மேற்கோள் காட்டிய ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருந்தது? போன் அதே போன்தான். யார் யாரிடம் கடன் பட்டிருக்கிறார் என்பதைப் பொறுத்து அதன் பலன் மாறுகிறது. இந்தத் துறை கொடுத்த நல்ல அறிவெல்லாம் இப்படித் திரும்பிப் போய்ப் பார்த்தவர்களிடமிருந்து வந்தது என்பது என் கட்சி.

அடுத்து கியோஸ்க். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் கிராமத்துக் கணினி மையம் ஒரு காய்ச்சல் மாதிரிப் பரவியது. மத்தியப் பிரதேசத்தில் ஞானதூத், மகாராஷ்டிரத்தில் வாரணா, புதுச்சேரியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் கிராமங்கள், மதுரை மாவட்டம் மேலூரில் சாரி என்று திரும்பிய பக்கமெல்லாம் ஒன்று. மேலூர்த் திட்டத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் 2001 முதல் ஊர்களுக்கு இணைப்பு போனது. உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் மையம் நடத்தினார்கள். சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் போன்றவற்றைத் தாலுகா அலுவலகத்துக்கு அலையாமல் மையத்திலிருந்தே அனுப்பலாம் என்று ஏற்பாடு. ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் இருவரும் ஆராய்ந்தபோது, மையம் இருந்த ஊர்களில் விண்ணப்பங்கள் நன்றாகவே கூடியிருந்தன. ஆக, தேவை இருந்தது, தொழில்நுட்பமும் வேலை செய்தது.

ஒரு வருடம் போல ஓடி அந்த அரசுச் சேவை நின்றது. ஆர்வமாக இருந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். பயிற்சி பெற்ற ஊழியர்களும் மாறினார்கள். புதிதாக வந்தவருக்கு இந்தக் கணினி வழி விண்ணப்பம் தன் வேலை என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. மக்கள் மறுபடி பஸ் ஏறினார்கள். வருமானம் தந்த சேவை போனதும் மையங்களும் ஒவ்வொன்றாக மூடின. இந்த மாதிரி விபத்துகளுக்கு மான்செஸ்டரின் ரிச்சர்ட் ஹீக்ஸ் 2002-இல் ஒரு சட்டகம் வகுத்தார். திட்டத்தை வரைந்தவர் மனதில் இருந்த அலுவலகத்துக்கும் நிஜத்தில் இருக்கும் அலுவலகத்துக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து பார், தூரம் கூடக் கூடத் தோல்வியும் கூடும் என்றார். முதலில் நன்றாக ஓடிப் பிறகு நிற்பதையும் தனியாக ஒரு தோல்வி வகையாகவே வைத்தார். மேலூரை ஆராய்ந்தவர்களும் இதைத்தான் எடுத்தாண்டார்கள். இன்று இ-சேவை மையத்தில் நீங்கள் சான்றிதழ் வாங்குகிறீர்கள் என்றால், அது மாற்றலாகிப் போகாத அரசாணையாக மாறியதால்தான் நிற்கிறது.

வாரணாவில் நடந்தது இன்னும் சுவாரசியம். சர்க்கரை ஆலைக் கூட்டுறவின் கிராமக் கணினிகள் இன்டர்நெட்டுக்கும் விவசாய அறிவுக்கும் என்று 1998-இல் தொடங்கியவை. சில வருடம் கழித்து மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்து ஆட்கள் போய்ப் பார்த்தால், அவற்றில் நடந்த வேலை பெரும்பாலும் ஒன்றுதான்: வெட்டிய கரும்பு எத்தனை டன், எவ்வளவு உரம் வாங்கியிருக்கிறேன் என்று பார்ப்பது. இதற்கு எதற்கு ஒரு முழுக் கணினி என்று ஏழு கிராமங்களில் சாதாரண செல்போன் எஸ்.எம்.எஸ்.ஸுக்கு மாற்றிப் பார்த்தார்கள். எட்டு மாதம் அழகாக ஓடியது.

புதுச்சேரித் திட்டத்தில் எனக்குப் பிடித்தது கணினி அல்ல, குழாய் ஸ்பீக்கர். 1998-இல் தொடங்கிய அத்திட்டத்தில் வில்லியனூரில் மைய அலுவலகம். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியது அலை எவ்வளவு உயரம் என்ற ஒரு தகவல். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் மாற்றி, கடற்கரை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கணினியைத் தொட வேண்டியதில்லை, படிக்கத் தெரிய வேண்டியதில்லை, வலை பின்னிக்கொண்டே கேட்கலாம். 2004 டிசம்பர் 26 காலை நல்லவாடு என்ற ஊரில், சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரே கிளம்பியது. வீடுகளும் படகுகளும் போயின, ஆட்கள் தப்பினார்கள். திட்ட முன்மொழிவில் "சுனாமி எச்சரிக்கை" என்று யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். அவசரத்துக்கு ஓடிப்போய் எங்கே சொல்வது என்று ஊருக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது, அவ்வளவுதான்.

புரோகிராமிங் மட்டும் போதுமா என்றீர்கள். அதற்குத் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை நல்ல பதில். கண் பார்வை மையங்களைச் சுற்று வட்டார ஊர்களில் வைத்து, அங்கே வரும் நோயாளியோடு மருத்துவர் தேனியிலிருந்தே வீடியோவில் பேச வேண்டும் என்பது திட்டம். பெர்க்லியில் எரிக் புரூவரின் குழு இதற்கு மலிவான வைஃபை கருவியை எடுத்தது. வைஃபை ஒரு வீட்டுக்குள் பேசுவதற்குச் செய்தது. அனுப்பிய ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் "கிடைத்தது" என்ற பதில் உடனே வராவிட்டால் தொலைந்துவிட்டது என்று எண்ணி மறுபடி அனுப்பும். பல கிலோமீட்டர் தூரத்தில் அந்தப் பதில் நேரத்துக்கு வருவதில்லை, ஒரே குழப்பம். அவர்கள் மென்பொருளை மாற்றி எழுதினார்கள்: இன்ன நேரத்தில் இந்தப் பக்கம் பேசு, இன்ன நேரத்தில் அந்தப் பக்கம் பேசு, பதிலைக் கட்டாகச் சேர்த்துச் சொல். இணைப்பு பறந்தது. முனைவர் பட்டத்துக்கு அதுவே போதும்.

ஆனால் அதே குழு 2008-இல் எழுதிய இன்னொரு கட்டுரையைத்தான் நான் மாணவர்களுக்குக் கொடுப்பேன். நெட்வொர்க் அமைத்தபின் பல வருடம் அது உயிரோடு இருக்க என்ன பாடு பட்டோம் என்ற கணக்கு. அதில் பெரிய வில்லன் மென்பொருளும் இல்லை, மழையும் இல்லை, பிளக் பாயின்ட். மின்சாரம் போவது கூடப் பரவாயில்லை, வரும் விதம்தான் ஆபத்து. திடீரென்று வோல்டேஜ் எகிறிக் கருவியின் சர்க்யூட் பலகை கருகும். இல்லையென்றால் பேட்டரி இறங்கி, ரூட்டர் அணையவும் அணையாமல் எழவும் எழாமல் பாதி உயிரில் தொங்கும். பார்த்தால் விளக்கு எரியும், ஆனால் வேலை செய்யாது. பக்கத்தில் இருப்பவருக்கு அது கெட்டுவிட்டதா, தூங்குகிறதா என்று சொல்லத் தெரியாது. அதனால் வோல்டேஜ் குறைந்தால் தானே துண்டிக்கும் சின்ன சுற்று ஒன்றைச் சேர்த்தார்கள், மையத்து ஊழியர்களுக்கே பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். கிராமத்தில் மின்சாரத்தின் உண்மையான விலை யூனிட் கட்டணம் இல்லை, அதைச் சுத்தப்படுத்த ஆகும் செலவு என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. ஆகவே புரோகிராமிங் வேண்டும், கூடவே பிளக் பாயின்ட் பக்கம் குனிந்து பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற உலகத் திட்டத்தைப் பற்றி நீங்களே படித்திருப்பீர்கள். பெருவில் 319 பள்ளிகளை வைத்துச் செய்த மதிப்பீடு 2012-இல் வந்தது. மாணவருக்கு 0.12 ஆக இருந்த கணினி 1.18 ஆக உயர்ந்தது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் அசையவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் பெங்களூர் ஆய்வகத்தில் பல வருடம் இருந்த கென்டாரோ டொயாமா இதையெல்லாம் சேர்த்து ஒரு வாதம் வைத்தார்: தொழில்நுட்பம் இருப்பதைப் பெருக்கிக் காட்டும், இல்லாததைக் கொண்டுவராது. நல்ல ஆசிரியர் இருக்கும் பள்ளியில் கணினி நன்மை செய்யும், ஆசிரியரே வராத பள்ளியில் தூசி படியும். பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். கொஞ்சம் வசதியான வாதம் என்றும் தோன்றும். தோற்றால் "அங்கே பெருக்க ஒன்றுமில்லை" என்றுவிடலாம் அல்லவா?

ஏனென்றால் எதிர்பாராத பக்கத்திலிருந்தும் சில வருகின்றன. லாகூரில் ஆகா அலி ரசாவும் அவர் கூட்டாளிகளும் பாலி என்று ஒரு தொலைபேசி விளையாட்டு செய்தார்கள். மிஸ்டு கால் கொடுத்தால் அது திரும்ப அழைக்கும். உங்கள் குரலைப் பதிவு செய்து, கீச்சுக்குரலாகவோ வேறு விதமாகவோ மாற்றி நண்பருக்கு அனுப்பும். நோக்கம் விளையாட்டு இல்லை. படிக்கத் தெரியாதவர்கள் குரல் மெனுவில் பழகட்டும், அப்புறம் அதே எண்ணில் வேலை விளம்பரம் கேட்கட்டும் என்பது. முதலில் 32 பேரிடம் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் 2,000 பேருக்குப் பரவி, தொலைபேசி இணைப்பு தாங்காமல் நிறுத்த வேண்டியதாயிற்று. 2012-இல் மறுபடி தொடங்கியபோது ஒரு வருடத்தில் 1,65,000 பேர். வேலை விளம்பரங்களையும் லட்சக்கணக்கான தடவை கேட்டிருக்கிறார்கள். ஏழைக்குத் தேவை விலைப் பட்டியலும் உரத் தகவலும்தான், கேலியும் கிண்டலும் இல்லை என்று நினைத்த துறைக்கு நல்ல குட்டு.

இந்திராணி மேத்தியின் வேலையையும் தேடிப் படியுங்கள். பெங்களூரில் வீட்டு வேலை செய்யும் பெண்கள், எழுத்தே இல்லாமல் படத்தை மட்டும் பார்த்து வேலை தேட ஒரு செயலி. பாத்திரம் கழுவுவதைக் குறிக்கப் பாத்திரமும் குழாயும் வரைந்தால் அவர்களுக்கு வெறும் பாத்திரமும் குழாயும்தான் தெரிந்தன. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதுபோல வரைந்ததும் "கழுவுறது" என்றார்கள். படமெல்லாம் புரிந்த பிறகும் தயங்கினார்கள். இந்தப் பெட்டிக்குள் வேலை எப்படி வந்தது என்பது அவர்கள் சந்தேகம். வீட்டுக்காரம்மா தகவல் கொடுப்பதிலிருந்து தொடங்கி முழுக்க ஒரு சின்னப் படமாக எடுத்துக் காட்டிய பிறகுதான் தயக்கம் போனது.

இப்போது இந்தத் துறையின் சூடான இடம் அரசு அடையாள முறைகள். கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் மூவரும் ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் நூறு நாள் வேலைக் கூலியைக் கைரேகை ஸ்மார்ட் கார்டில் கொடுத்ததை ஆராய்ந்து 2016-இல் எழுதினார்கள். பணம் சீக்கிரம் வந்தது, நடுவில் ஒழுகுவது குறைந்தது. அதே மூவர் ஜார்க்கண்டில் ரேஷன் கடைக்கு ஆதார் கைரேகையைக் கட்டாயமாக்கியதை ஆராய்ந்தார்கள். ஒழுகல் அதனால் குறையவில்லை. ஆதார் இணைக்காதிருந்த 23 சதவீதப் பயனாளிகளுக்குக் கிடைத்துவந்த பலன் 10 சதவீதம் குறைந்தது. தொழில்நுட்பம் கிட்டத்தட்ட ஒன்று, ஆய்வாளர்களும் ஒன்று. ஆந்திரத்தில் கார்டு இல்லாதவருக்கும் கூலி கிடைக்க வழி வைத்திருந்தார்கள், ஜார்க்கண்டில் கட்டாயம். "கைரேகை நல்லதா கெட்டதா" என்று யாராவது உங்களைக் கேட்டால், கேள்வியே தப்பு என்று சொல்ல இந்த இரண்டு ஆய்வும் போதும்.

இன்னொரு நோயையும் சொல்ல வேண்டும். மாதிரித் திட்டம் போட்டுவிட்டுப் பறந்துவிடுவது. மருத்துவச் செல்போன் திட்டங்கள் ஆளுக்கொன்றாகக் குவிந்ததில், உகாண்டா சுகாதார அமைச்சகம் 2012-இல் போதும் நிறுத்துங்கள் என்றே உத்தரவிட்டது. இதற்கு நேர் எதிர் உதாரணம் ஆஸ்லோ பல்கலைக்கழகம். நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில் 1990-களில் சுகாதார நிலையங்களின் பதிவேட்டை ஒழுங்குபடுத்தப் போனவர்கள், முப்பது வருடமாக அதே மென்பொருளைத்தான் வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். டி.எச்.ஐ.எஸ். 2 என்ற அது இன்று 70-க்கு மேற்பட்ட நாடுகளில் ஓடுகிறது. 2020 தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வருபவர்களைக் கண்காணிக்க இலங்கையில் அதன்மேல் கட்டிய கோவிட் பகுதியை மற்ற நாடுகளும் எடுத்துக்கொண்டன. பதிவேட்டு வேலை பார்க்கக் கவர்ச்சியாக இருக்காது. ஆனால் மாணவராகச் சேர்ந்தால் நீங்கள் எழுதும் புரோகிராம் குப்பைக்குப் போகாது.

எங்கிருந்து தொடங்குவது? புதிதாக ஆப் எதுவும் செய்யாதீர்கள், முதல் வருடமாவது. நம் மாநிலத்திலேயே திரும்பிப் போய்ப் பார்க்க ஆள் தேடி ஒரு பெரிய விஷயம் காத்திருக்கிறது. 2011-இல் தொடங்கி லட்சக்கணக்கான பிளஸ் 2 மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தார்கள். கொடுத்த அன்று எடுத்த போட்டோக்கள் ஏராளம். பத்து வருடம் கழித்து அந்தப் பெட்டி எங்கே போனது, யார் கையில் எதுவாக மாறியது, அக்காவின் மடிக்கணினியில் தம்பி படித்தானா, அடகுக்கடைக்குப் போனதா, பேட்டரி போய் பரண் ஏறியதா? ஒரே ஒரு பள்ளியின் ஒரே ஒரு வருடத்து மாணவர்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடிப் போங்கள். "மடிக்கணினி பயனுள்ளதாக இருந்ததா" என்று கேட்காதீர்கள். நல்லா இருந்துச்சு என்றுதான் வரும். "இப்ப எங்க இருக்கு, எடுத்துக் காட்ட முடியுமா" என்று கேளுங்கள். பெண்கள் கல்யாணமாகி வேறு ஊர் போயிருப்பார்கள், அவர்களை விட்டுவிட்டால் கணக்கு கோணலாகிவிடும், ஆகவே பயணச் செலவுக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்குங்கள். அதற்கும் முன்னால் ஒரு வேலை: பள்ளியில் மடிக்கணினி கொடுத்தபோது கையெழுத்து வாங்கிய பதிவேடு இருக்கும். தலைமையாசிரியரிடம் பேசி, அது இன்னும் இருக்கிறதா, பார்க்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று இந்த மாதமே விசாரித்துவிடுங்கள். பள்ளிக்கூடப் பழைய பீரோக்களில் கரையானுக்கு முனைவர் பட்டக் காலக்கெடு எல்லாம் தெரியாது.